ஏழு பேர் சேர்ந்து அழுத அழுகை

செங்காட்டுப்பாளையம் பேரூராட்சிக் கூட்டத்தில் குடிநீர்க் குழாய்த் தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில், தலைவர் சென்னியப்பன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதார். நெஞ்சுவலியோ என்று பதறி ஒரு கவுன்சிலர் அவருடைய சட்டைப் பொத்தானைக் கழற்றினார். இன்னொருவர் சோடா வாங்க ஓடினார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, மூன்று முறை ஜெயித்த தலைவர். அவர் விக்கி விக்கிச் சொன்னது இதுதான்.

"என்ற பேனாவைக் கிளார்க்கு எடுத்துக்கிட்டாருங்க! கேக்காமயே எடுத்துக்கிட்டாரு!"

கிளார்க் எழுந்து வந்து பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். தலைவர் மூக்கை உறிஞ்சியபடி அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகினார். உடனே முகம் மலர்ந்து, தெருவிளக்குத் தீர்மானத்தைப் படிக்கச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் இந்தச் செய்தி தொடக்கப் பள்ளிக்கு வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை கலாமணி, தூக்குப்போசியைத் திறந்தபடியே கேட்டாள்.

"எத்தன மணிக்குங்க சார் அழுதாரு?"

"பதினோரு மணி இருக்குமாமுங்க மிஸ்," என்றார் தலைமையாசிரியர் திருமலைசாமி.

கலாமணிக்குப் புரிந்துவிட்டது. பதினோரு மணிக்குத்தான் அவள் வகுப்பில் பிரணவ் என்பவன் இதழினியின் மயில் படம் போட்ட ரப்பரைத் தூக்கி வாயில் போட்டுக் கடித்து இரண்டாக்கினான். பழைய இதழினியாக இருந்தால் அன்றைய பாடம் அத்தோடு முடிந்திருக்கும். அவள் அழ ஆரம்பித்தால் மல்லாக்கப் படுத்துவிடுவாள். கால்கள் இரண்டும் சைக்கிள் ஓட்டும். பெஞ்சுகள் நகரும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சுண்ணக்கட்டியோடு வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். அன்றைக்கு அவள் செய்ததோ வேறு. கடிபட்ட ரப்பரை ஒரு தடவை பார்த்தாள். மணிக்கட்டில் இருந்த பச்சைக் காப்பு ஒரு தடவை மினுக்கியது. "பரவால்லீங்க மிஸ், வேற வாங்கிக்கறனுங்க," என்று சொல்லிவிட்டுத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

எட்டு வயதுப் பிள்ளை, ரிடையராகப் போகிற தாசில்தார் மாதிரி பேசினாள்.

காப்பு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, சின்னப் பிள்ளைகளுக்கு நன்னடத்தை பழக்க ஒரு கருவி செய்திருந்தது. சோதித்துப் பார்க்க ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. திருமலைசாமி முந்திக்கொண்டு கையைத் தூக்கினார். காரணம் மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பின் சத்தத்தில் தன் மேசைமேல் இருக்கும் டம்ளர் நகர்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பாதிதான் பொய்.

கலாமணியும் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்துவிட்டாள். வாயில் விரல் வைக்கச் சொன்னாள். வைத்த விரலைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத லீடரை நிறுத்தினாள். லீடர் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டியிருந்தது. நல்ல பிள்ளைகளுக்கு நெற்றியில் நட்சத்திரம் ஒட்டினாள். நட்சத்திரத்துக்காக நடந்த சண்டையில் இரண்டு பேருக்குப் பல் ஆடியது. ஆடின பல்தான், எப்படியும் விழுந்திருக்கும். ஆனாலும் அம்மாக்கள் வந்துவிட்டார்கள்.

கம்பெனியிலிருந்து ஜோயல் என்ற இன்ஜினியர் வந்து விளக்கினான்.

"கோபமோ அழுகையோ வந்துருச்சுன்னா அது காணாமப் போகாதுங்க மேடம். அடக்கினா உள்ளயே நிக்கும். அதனால நாங்க அதைத் தூக்கி வேற இடத்துல வெக்கிறோம். பசங்க கையில பச்சைக் காப்பு. உணர்ச்சி பொங்கறப்ப அது இழுத்துக்கும். பெரியவங்க ஏழு பேர் கையில மஞ்சக் காப்பு. அதுல போய் இறங்கும். கொழந்தைக்கு அது ஒரு குடம். ஏழு பேருக்குப் பிரிச்சு ஊத்தினா ஆளுக்கு ஒரு டம்ளர். ஒரு பெருமூச்சு விட்டா முடிஞ்சது."

"பெரியவங்க தாங்குவாங்களா தம்பி?"

"நல்ல பொறுமசாலியாப் பாத்துப் போடணுங்க. அது ஒண்ணுதான் முக்கியம்."

இந்த ஒரு விஷயத்தில்தான் செங்காட்டுப்பாளையம் கோட்டைவிட்டது. ஊரில் பொறுமைசாலிகள் இல்லாமல் இல்லை. ஆனால் விழா என்று ஒன்று வைத்து, மேடை போட்டு, காப்பு மாட்டிப் பொன்னாடை போர்த்துவது என்றால், அதில் யாரை விடுவது? நாச்சிமுத்து என்ற அரிசி மில்லுக்காரர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் மச்சான் முறையான சென்னியப்பனின் பெயரை நாலாவதாக அச்சடித்துவிட்டார் என்று இரண்டு பேரும் ஒன்பது வருஷமாகப் பேசுவதில்லை. இதெல்லாம் தெரிந்த திருமலைசாமி வரிசை பிசகாமல் ஆள் பிடித்தார். பேரூராட்சித் தலைவர், துணைத் தலைவர், மில்லுக்காரர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவியும் பியூட்டி பார்லர் உரிமையாளருமான மரகதம், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், கோயில் கமிட்டிக்காரர். ஏழாவதாகத் தன்னையும் சேர்த்துக்கொண்டார். ஆக, ஊரிலேயே பொறுமை குறைந்த ஏழு பேரின் கையில் மூன்றாம் வகுப்பின் மொத்தக் கொதிப்பும் போய் இறங்கியது.

அதற்குப் பிறகு ஊர் பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமே. பேங்க் மேனேஜர் ஐஸ் வண்டி மணிச் சத்தம் கேட்டு லுங்கியோடு மெயின் ரோடு வரைக்கும் ஓடினார். மரகதம் ஒரு துக்க வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தத்துக்குச் சிரிக்க ஆரம்பித்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, கடைசியில் நாலு பேர் சேர்ந்து வெளியே கூட்டிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. துணைத் தலைவர் தன் மனைவி கத்தரிக்காய்ப் பொரியல் வைத்ததற்காகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கோயில் கமிட்டிக்காரர் அபிஷேகத்தின்போது அடுத்தவர் மேல் தண்ணீர் தெளித்து விளையாடினார். திருமலைசாமியே ஒரு சனிக்கிழமை யாருமில்லாத மைதானத்தில் கையை விமானம் மாதிரி விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியதைக் கலாமணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்க்காதது போல் இருந்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே பழனி பஸ்ஸில் நடந்தது. சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் தற்செயலாக ஒரே பஸ்ஸில் ஏறி, ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார்கள். "உன்கூடக் காய்!" என்று மில்லுக்காரர் சுண்டுவிரலைக் காட்டினார். "போ, எனக்கென்ன!" என்று தலைவர் திரும்பிக்கொண்டார். உடுமலை தாண்டுவதற்குள் மில்லுக்காரர் இரண்டு விரலை நீட்டினார். தலைவர் அந்த விரலைத் தொட்டார். பழம். ஒன்பது வருஷப் பகை அந்த பஸ்ஸில் கரைந்துபோனது. இருவரும் ஒரே முறுக்குப் பொட்டலத்தில் கைவிட்டுத் தின்றுகொண்டே பழனி போய்ச் சேர்ந்தார்கள்.

கலாமணி அதைக் கேட்டு மற்றவர்களோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். வகுப்புக்குள் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்த பஸ் ஓடிக்கொண்டிருந்த அதே காலையில் அவள் கண் முன்னால் இதழினியும் அவளுடைய உயிர்த் தோழி தஸ்லிமாவும் காய் விட்டிருந்தார்கள். அதாவது, விடப் பார்த்தார்கள். சுண்டுவிரல் பாதி தூரம் வந்தது, இரண்டு காப்பும் மினுக்கின, விரல்கள் இறங்கிவிட்டன. பிறகு பழம் விடுவதற்கும் அவர்களிடம் ஒன்றும் இல்லை. இருவரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து கூட்டல் கணக்குப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் போட வேண்டிய சண்டையும் அதற்கப்புறம் வரவேண்டிய சந்தோஷமும் பழனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தன.

அவள் ஜோயலைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"தம்பி, அழுகை கோபம் சரி. பசங்க இப்பச் சிரிக்கறதும் இல்லியே? யாருக்கோ ஏப்பம் வந்துச்சு, ஒருத்தரும் சிரிக்கல. மூணாங் கிளாஸ்ல ஏப்பத்துக்குச் சிரிக்கலைன்னா அது என்ன கிளாசுங்க?"

ஜோயல் தலையைச் சொறிந்தான். "பொங்கறது எதுவா இருந்தாலும் காப்பு எடுத்துக்குங்க மேடம். அழுகையா சிரிப்பான்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப தலைவர் எதுக்குப் பேனாவுக்கு அழுதாரு? இங்க போனது ரப்பருங்களே."

"உணர்ச்சி மட்டுந்தான் போகும். காரணம் போகாதுங்க. போய் எறங்குன எடத்துல, பக்கத்துல என்ன காரணம் கெடைக்குதோ அதைப் புடிச்சுக்கும்."

"சரி, கழட்டிருங்க."

"கம்பெனி நெனச்சாலும் கழட்ட முடியாதுங்க மேடம். பசங்க பிச்சு எறிஞ்சுருவாங்கன்னு பூட்டு வெச்சிருக்கு. மஞ்சக் காப்புப் போட்ட ஏழு பேரும் அவங்கவங்க காப்புல பெருவிரலை அமுத்தோணும். ஒருத்தர் மாட்டேன்னாலும் தொறக்காது."

தஸ்லிமாவின் அப்பா மின்வாரியத்தில் வயர்மேன். அந்த வாரம் அவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சாமான் வண்டியோடு குடும்பமும் கிளம்புகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், ஒரே குடை, ஒரே தண்ணீர் பாட்டில் என்று கிடந்த பிள்ளைகள். புதன்கிழமை கலாமணி இதழினியை மடியருகே இழுத்து நிறுத்திக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று தவித்துச் சொன்னாள்.

"கண்ணு, தஸ்லிமா வேற ஊருக்குப் போறா. இனி இங்க வரமாட்டா சாமி."

காப்பு மினுக்கியது. ஒரு தடவையல்ல, நிற்காமல் மினுக்கிக்கொண்டே இருந்தது.

"சரிங்க மிஸ்," என்றாள் இதழினி. "நல்லபடியாப் போயிட்டு வரட்டுங்க."

கலாமணி அவள் மோவாயைத் தூக்கிப் பார்த்தாள். அந்த முகத்தில் கண் இருந்தது, மூக்கு இருந்தது, பிள்ளையைத்தான் காணவில்லை.

அதே நேரத்தில் மரகதம் பார்லரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஒரு புருவத்தை மட்டும் திருத்திவிட்டு, மறு புருவத்தை அப்படியே விட்டுக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். மில்லில் நாச்சிமுத்து மூட்டைமேல் சாய்ந்து, பத்து வருஷம் முன்னால் விற்ற காளையின் பெயரைச் சொல்லிப் புலம்பினார். ஆளுக்கு ஒரு டம்ளராம். கம்பெனிக்காரன் குடத்தைத்தான் அளந்திருந்தான். கிணறு என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே கலாமணி ஏழு பேரையும் பள்ளியில் கூட்டிவைத்துப் பேசினாள். கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டாள். அவர்கள் வந்திருந்ததோ வேறு வேலைக்கு. காப்பை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்து, மற்ற வகுப்புகளுக்கும் மாட்டிவிடலாம் என்று மேலே எழுத வேண்டுமாம்.

"அழுகை வரத்தான் வருதுங்க மிஸ்," என்றாள் மரகதம். "அழுது முடிச்சா ஒடம்பு பஞ்சாட்டம் இருக்குது. எனக்கு நாப்பத்தெட்டு வயசாவுது. இதுக்கு முன்னால வயிறு வலிக்கச் சிரிச்சது எப்பன்னே தெரியாது. இப்ப தெனமும் சிரிக்கறனுங்க."

"அது உங்க சிரிப்பு இல்லீங்க அக்கா. பசங்களோட சிரிப்பு."

"யாரு சிரிச்சா என்னுங்க? சிரிப்புத்தான?"

"நாங்க நாலு நாள் சந்தோசமா இருக்கறது உங்களுக்குப் பொறுக்கலீங்களா?" என்று நாச்சிமுத்து எகிறினார். "நானும் மச்சானும் பேசிக்கறோம். அதைக் கெடுக்கோணுமா?"

"பெத்தவங்களே சும்மா இருக்காங்க," என்றார் பேங்க் மேனேஜர். "பசங்க சாப்புடுதுக, படிக்குதுக, சொன்ன பேச்சுக் கேக்குதுக. வேறென்ன வேணும்?"

திருமலைசாமி கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் மஞ்சள் காப்பை மறுகையால் மூடிக்கொண்டார்.

கலாமணிக்குக் கோபம் தலைக்கேறியது. அவளுக்கு எந்தக் காப்பும் கிடையாது; அவள் கோபத்தை அவளேதான் சுமக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். புருஷன் பயந்து தானே தோசை ஊற்றிக்கொண்டான். மூன்றாவது பாத்திரம் உருளும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இந்த ஏழு பேரும் நியாயம் பேசினால் வரமாட்டார்கள். அழைப்பிதழ் அடித்தால் வருவார்கள்.

மறுநாள் மாலை ஏழு வீட்டுக்கும் பத்திரிகை போனது. "மாணவி தஸ்லிமா வழியனுப்பு விழா. வெள்ளிக்கிழமை காலை, பள்ளி வாசல்." சிறப்பு விருந்தினர்கள் ஏழு பேரின் பெயரையும் அவள் வட்டமாக அச்சடிக்கச் சொல்லியிருந்தாள். எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறாரோ அவர் பெயர் மேலே வரும். தலைவர் பத்திரிகையைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். திருப்தியாக இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை பள்ளி வாசல் வேப்பமரத்தடியில் சாமான் வண்டி வந்து நின்றது. பீரோ, கட்டில், ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலே கயிற்றால் கட்டிய சைக்கிள். முன்சீட்டில் தஸ்லிமாவின் அம்மாவும் அப்பாவும். மூன்றாம் வகுப்பு முழுவதும் இரண்டு வரிசையாக, கை கட்டி, மூச்சுவிடும் சத்தம்கூட வராமல் நின்றது. எதிரே ஏழு நாற்காலி. ஏழு பேரும் சலவை வேட்டி, பட்டுச் சேலை சகிதம் வந்து அமர்ந்தார்கள். ஜோயலைக் கலாமணி முதல் பஸ்ஸிலேயே வரச்சொல்லியிருந்தாள்.

தஸ்லிமா வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். இதழினி வரிசையிலிருந்து முன்னால் வந்தாள்.

"போயிட்டு வர்றேன்," என்றாள் தஸ்லிமா.

"சரி. தண்ணி நெறையாக் குடி," என்றாள் இதழினி.

இரண்டு காப்புகளும் மினுக்கோ மினுக்கு என்று மினுக்கின. நாற்காலி வரிசையில் முதலில் மரகதத்தின் உதடு கோணியது. துணைத் தலைவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். பேங்க் மேனேஜர் நாச்சிமுத்துவின் தோளில் சாய்ந்தார், நாச்சிமுத்து கோயில் கமிட்டிக்காரரைக் கட்டிக்கொண்டார். திருமலைசாமி, "மாணவச் செல்வங்களே" என்று பேச எழுந்தவர், "மா" என்ற எழுத்திலேயே உடைந்துபோனார். ஏழு பேரும் சேர்ந்து அழுத அழுகையில் வேப்பமரத்துக் காக்காய்கள் எழும்பிப் பறந்தன. எதிரே இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் கை கட்டி நின்று, விருந்தினர்களைக் கவலையோடு பார்த்தார்கள். லீடர் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

வண்டி ஓட்டுநர் கலாமணியிடம் மெதுவாகக் கேட்டார். "அம்மிணி, போறது யாரு, புள்ளையா இவங்களா?"

கலாமணி நாற்காலிகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எதுக்கு அழுகறீங்கன்னு தெரியுதுங்களா? நீங்க யாரும் இந்தப் புள்ளைகூட ஒரே பெஞ்சில உக்காந்தது இல்ல. ஒரே குடையில நனஞ்சது இல்ல. நனஞ்சவ இங்க நிக்கறா. அவளுக்கு ஒண்ணுமே வரல. இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி கெளம்பிரும். அவ அழுகையை அவகிட்டக் குடுத்துருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்புடறனுங்க."

மரகதம்தான் முதலில் அசைந்தாள். இதழினியின் உலர்ந்த கண்ணைப் பார்த்தாள். "அடப் பாவமே," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு காப்பில் பெருவிரலை அழுத்தினாள். நாச்சிமுத்து, "மச்சானும் நானும்…" என்று இழுத்தார். "அதெல்லாம் இனி உங்க பாடு," என்று மரகதம் அவர் கையைப் பிடித்து விரலை வைத்தாள். மேனேஜர் அழுத்தினார். துணைத் தலைவரும் கமிட்டிக்காரரும் அழுத்தினார்கள். திருமலைசாமி வெட்கத்தோடு, யாரும் பார்க்காமல் அழுத்தினார்.

சென்னியப்பன் மட்டும் காப்பை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"நான் தரமாட்டனுங்க மிஸ்."

"தலைவரே, நேரமில்லீங்க."

"என்னை உட்டுருங்க. என்ற சம்சாரம் பாப்பாத்தி போயி மூணு வருசமாச்சு. எழவுக்கு வந்தவங்களுக்கெல்லாம் காப்பித்தண்ணி குடுத்து, வண்டி ஏத்தி உட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீரு வரல. அப்பறமும் வரல. புதங்கெழமைதான் வந்துச்சு. எங்கிருந்தோ வந்துச்சு, பாப்பாத்தியப் போயிப் புடிச்சுக்கிச்சு. மூணு நாளா அவளுக்காக அழுகறனுங்க. இதையும் புடுங்கிக்கிட்டா எனக்கு என்ன இருக்குது?"

கலாமணி வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார்.

இதழினி நடந்து வந்தாள். சீருடைப் பையிலிருந்து நான்காக மடித்த கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அழுகாதீங்க தாத்தா. என்ன பண்றதுங்க, எல்லாம் சரியாப் போயிரும். தண்ணி குடிக்கறீங்களா?"

சென்னியப்பன் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். சாவு வீட்டில், வந்தவர்களுக்குக் காப்பித் தட்டை நீட்டிக்கொண்டு தான் நின்ற நிலை அவருக்கு எட்டு வயது உருவத்தில் எதிரே நின்றது.

"அய்யோ," என்றார் மெதுவாக. "இப்படித்தான் நானும் நின்னேன்."

பெருவிரலை அழுத்தினார்.

பச்சைக் காப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் 'க்ளிக்' என்று திறந்து மண்ணில் விழுந்தன. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. ஜோயல் கவலையோடு டேப்லெட்டைப் பார்த்தான். வரிசையில் எங்கோ பிரணவுக்கு ஏப்பம் வந்தது. ஒருவன் சிரித்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். வரிசை குலைந்தது, யாரோ யாரையோ தள்ளினார்கள், யாரோ யாருடைய செருப்பையோ மிதித்தார்கள், மூன்றாம் வகுப்பு மூன்றாம் வகுப்பாயிற்று. தலைமையாசிரியர் அறையில் டம்ளர் நகர்ந்திருந்தால்கூட ஆச்சரியமில்லை.

அந்தச் சத்தத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டு ஒரு சத்தம் எழுந்தது.

"தஸ்லீ! போகாதடீ!"

இதழினி வண்டியின் முன் சக்கரத்துக்கு முன்னால் மல்லாக்கப் படுத்துவிட்டாள். கால்கள் சைக்கிள் ஓட்டின. தஸ்லிமா, "நா வரமாட்டேன் அத்தா, நா இங்கயே இருக்கறேன்!" என்று வீறிட்டபடி அவளுக்குப் பக்கத்திலேயே விழுந்தாள். இரண்டும் சேர்ந்து புழுதியைக் கிளப்பின. தஸ்லிமாவின் அம்மா இறங்கி வந்து தூக்கப் பார்த்து, தூக்க முடியாமல் அவளும் உட்கார்ந்து அழுதாள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். இதற்கெல்லாம் அவசரப்படுத்தக் கூடாது என்று தெரிந்த மனிதர்.

கலாமணி பட்டுச்சேலையோடு புழுதியில் உட்கார்ந்து இதழினியைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அவள் முன்கையைக் கடித்தது, நன்றாகவே கடித்தது. வலி உயிர் போனது. கலாமணிக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வண்டி கடைசியில் கிளம்பத்தான் செய்தது. ஓசூர் மாற்றல் யார் அழுகைக்கும் ரத்தாகாது. வண்டியின் பின்பக்கம் ஆடிக்கொண்டு போன கட்டிலையும் பீரோவையும் இதழினி பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி திரும்பி மறைந்த பிறகும் பார்த்தாள். மறுபடி ஒரு சுற்று உதைத்து அழுதாள். பிறகு தேம்பல், பிறகு விக்கல். பிறகு கலாமணியின் முந்தானையில் மூக்கைத் துடைத்துவிட்டு, "மிஸ், பசிக்குது," என்றாள்.

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். ஆறு நாற்காலிகள் காலியாகி, அதில் இருந்தவர்கள் வேட்டியையும் முந்தானையையும் சரிசெய்துகொண்டு பழைய பெரிய மனிதர்களாகிவிட்டிருந்தார்கள். ஏழாவது நாற்காலியில் சென்னியப்பன் இன்னும் அழுதுகொண்டிருந்தார். மீசை நனைந்திருந்தது.

ஜோயல் பதறிப்போய் அவரிடம் குனிந்தான். "தலைவரே, ஏதோ கோளாறுங்க. காப்பு அணஞ்சிருச்சே, எதுவும் வரக்கூடாதுங்களே."

"தெரியுந் தம்பி," என்றார் சென்னியப்பன். காப்பைக் கழற்றி அவன் கையில் வைத்தார். அழுகை நிற்கவில்லை.

இதழினி எழுந்து அவர் எதிரே போய் நின்றாள். முகமெல்லாம் மண்ணும் சளியும். நிபுணர் ஒருவர் நோயாளியைப் பார்ப்பது போல் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"உங்க பிரெண்டும் போயிட்டாங்களா தாத்தா?"

"ஆமாங் கண்ணு."

"இப்படி உக்காந்துட்டு அழுதா நெம்ப நேரம் ஆகுங்க," என்றாள் இதழினி. "கீழ படுத்துக்கோணும். மல்லாக்க. காலை நல்லா ஒதைக்கோணும். அப்பத்தான் சீக்கிரம் தீரும்."

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். துணைத் தலைவர் இருந்தார், மில்லுக்காரர் இருந்தார், வாக்களித்த ஜனம் பாதி வேலியோரம் நின்றது. அவர் துண்டை மடித்து நாற்காலியில் வைத்தார், செருப்பைக் கழற்றினார், சலவை வேட்டியோடு வேப்பமரத்தடிப் புழுதியில் மல்லாந்து படுத்தார். ஒரு காலை லேசாக உதைத்துப் பார்த்தார்.

"அப்படி இல்லீங்க தாத்தா," என்று இதழினி பக்கத்தில் படுத்துக்கொண்டாள். "ரெண்டு காலும்."